பாஸ்புக் இல்லாத கணக்கு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. வங்கியில் கூட்டம். உதவித்தொகை ஏறிவிட்டதா என்று கேட்டு வரிசை வாசல்படி வரை நிற்கிறது. என் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஓர் அக்கா, பக்கத்து ஊர்க் காலனிக்காரர். பாஸ்புக்கை வாங்கத்தான் கையை நீட்டினேன். அவர் கொடுத்தது மருத்துவக் காப்பீட்டு அட்டை.

“இதுல எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு அடிச்சுக் குடு தம்பி.”

“இது பேங்க் கணக்கு இல்லக்கா. இதுக்கு எங்ககிட்ட என்ட்ரி போட முடியாது.”

“அஞ்சு லட்சம் போட்டிருக்காங்கன்னுதானே சொன்னாங்க? ஆஸ்பத்திரியில கர்ப்பப்பைய எடுத்தாங்க. என்னா எழுதிக்கிட்டாங்க, எவ்ளோ எடுத்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்தத் தலையங்கத்தை எழுதுவது நேர்மையாக இருக்காது. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கேள்வியில் சிரிக்க என்ன இருக்கிறது? பத்து ரூபாய் எடுத்தாலும் வங்கியில் ஒரு வரி விழுகிறது. தேதி, தொகை, மிச்சம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் காட்டித் தெரிந்துகொள்ளலாம். உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்து, அதற்காக அரசாங்கப் பணத்தையும் எடுத்ததற்கு வரி விழாமலா இருக்கும்? விழுந்திருக்கிறது. அவர் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் விழுந்திருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியது, பெயர் மாறியது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018 செப்டம்பரில் அது மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய யோஜனாவோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு அய்ந்து லட்சம் வரை. அந்த அக்கா நினைத்ததுபோல அய்ந்து லட்சத்தை யாரும் யார் பேரிலும் போட்டு வைக்கவில்லை. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். அரசு குடும்பத்துக்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது. நோயாளி படுத்ததும் மருத்துவமனை முன் அனுமதி கேட்கிறது. வயது, பால், மாவட்டம், என்ன நோய், என்ன அறுவை, எந்தத் தொகுப்பு, எவ்வளவு ரூபாய் என்று எல்லாம் ஏறுகிறது. அனுமதி வருகிறது, அறுவை நடக்கிறது, பணம் மருத்துவமனைக்குப் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வரி. பத்துப் பதினைந்து வருசமாக இந்த வரிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஏழை சனங்களின் உடம்பைப் பற்றி இவ்வளவு விரிவாக ஒரு பேரேட்டை இதற்கு முன் எந்த அரசும் எழுதியதில்லை. அந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்க யாருக்கு உரிமை என்பதுதான் கேள்வி.

பார்த்தால் என்ன தெரியும்? ஏற்கெனவே பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து தொடங்கலாம். 2023 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஜன் ஆரோக்கிய யோஜனாவில் 7,49,820 பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். பத்து ஒன்பதுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் அது. தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். ஏற்கெனவே செத்துப்போனதாகத் திட்டத்தின் பதிவேடே சொல்லும் 3,446 பேருக்கு மறுபடி சிகிச்சை நடந்ததாக 6.97 கோடி ரூபாய் தரப்பட்டிருந்தது. பத்திரிகைகள் ரெண்டு நாள் எழுதின, பிறகு விட்டுவிட்டன. நமக்கு முக்கியமானது வேறு. இதைக் கண்டுபிடிக்க எந்த உளவாளியும் போகவில்லை. பதிவேட்டைத் திறந்து வரிகளை எண்ணினார்கள், அவ்வளவுதான். அதை எண்ணுகிற அதிகாரம் தணிக்கையருக்கு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு?

நமக்கு இருப்பது 2005-ஆம் வருசத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பத்து ரூபாய் ஸ்டாம்பும். அதை வைத்து என்ன சாதிக்க முடியும் என்பதற்கு ராஜஸ்தானின் தௌசா மாவட்டம் சாட்சி. 2010-ல் அங்கே தனியார் மருத்துவமனைகளில் நடந்த அறுவைகளின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். பதில் தந்த மூன்று மருத்துவமனைகளில் சில மாத காலத்தில் நடந்த 385 அறுவைகளில் 226 கருப்பை அகற்றல்கள் என்று வெளிவந்தது. வயிற்று வலி என்று போன பெண்களிடம் புற்றுநோய் வரும் என்று பயங்காட்டி எடுத்திருக்கிறார்கள். பீகாரில் சமஸ்திபூர் மாவட்டத்தில் 2012-ல் ராஷ்ட்ரிய சுவாஸ்த்ய பீமா யோஜனாவின் கணக்கை மாவட்ட நிர்வாகம் புரட்டிப் பார்த்தபோது, நடந்ததாகச் சொல்லப்பட்ட சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கருப்பை அகற்றல். அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான். அந்த முப்பதாயிரத்துக்காக முப்பது வயசுப் பெண்களின் வயிற்றைக் கிழித்தார்கள். மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் என்று மூன்று மாநிலங்களைப் பற்றிய வழக்கு. பாதிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் என்பது அந்த வழக்கிலேயே இருக்கிறது. தீர்ப்பு வரப் பத்து வருசம் ஆனது. 2023 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்றது. நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுக்குக் கருப்பையை எடுப்பதென்றால் இரண்டு மருத்துவர்கள் சான்று தர வேண்டும் என்பது அதில் ஒன்று.

என் கவுண்டருக்கு வந்த அக்காவுக்கு அந்த அறுவை தேவையாக இருந்ததா, இல்லையா? எனக்குத் தெரியாது. தேவையாகவே இருந்திருக்கலாம். மருத்துவர்கள் எல்லாரையும் கொள்ளைக்காரர்கள் என்று எழுதுவது சுலபம், அதைச் செய்ய நான் வரவில்லை. இரண்டாவது சான்று வாங்கினார்களா என்று அவருக்கே தெரியவில்லை என்பதுதான் விசயம். ஒரு வட்டாரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேருக்கு நடந்தது, அதில் எத்தனை பேர் காலனிக்காரர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் விசயம்.

கேட்டுப் பார்த்தோம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினோம். வட்டாரவாரியாக, வயதுவாரியாக, மருத்துவமனைவாரியாக, சாதிவாரியாக எத்தனை சிகிச்சைகள், எவ்வளவு தொகை. முப்பது நாளில் வர வேண்டிய பதில் நாற்பத்தொன்றாம் நாள் வந்தது. சாதிவாரித் தகவல் பராமரிக்கப்படவில்லை. மருத்துவமனைவாரித் தொகை வணிக ரகசியம். மற்றவை தனிநபர் தகவல், தர இயலாது. மூன்று வரி, ஒரு முத்திரை. எங்கள் கேள்வியில் ஒரு மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. எண்ணிக்கையைத்தான் கேட்டோம். எண்ணிக்கைக்கு ஏது தனிநபர்?

இதில் முதல் வரியைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். சாதிவாரித் தகவல் பராமரிக்கப்படவில்லை. ‘நாங்கள் நோயாளியைத்தான் பார்க்கிறோம், சாதியைப் பார்ப்பதில்லை’ என்று வாய்மொழியாகவும் சொன்னார்கள். கேட்கும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அப்படியானால் தோழர்களே, இன்னொரு புத்தகத்தைத் திறப்போம். மத்திய பட்ஜெட்டின் செலவினப் பகுதியில் 10ஏ என்று ஓர் அறிக்கை உண்டு. பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீடு என்று அதற்குப் பெயர். 10பி பழங்குடியினருக்கு. பட்டியல் சாதியினருக்கான உட்கூறுத் திட்டத்தின் செலவை எழுத அரசுக் கணக்கில் 789 என்று ஒரு தலைப்பே இருக்கிறது, பழங்குடியினருக்கு 796. ஜன் ஆரோக்கிய யோஜனாவுக்கும் 10ஏ-யில் ஒரு வரி இருக்கிறது. அதாவது இந்தக் காப்பீட்டுத் திட்டத்துக்கான பணத்தில் ஒரு பகுதி, ‘பட்டியல் சாதியினருக்காகச் செலவிட்டோம்’ என்று காட்டப்படுகிற பணம்.

யாருக்குச் செலவிட்டீர்கள் என்று கேட்டால், சாதி பார்ப்பதில்லை என்கிறார்கள்.

நான் வங்கிக்காரன். எங்கள் தொழிலில் ஒரு கணக்கில் பற்று எழுதினால் அதற்கு வவுச்சர் வேண்டும். வவுச்சர் இல்லாமல் பற்று எழுதிய கிளார்க்குக்கு மெமோ வரும், அதற்குமேல் போனால் சஸ்பென்சன் வரும். இங்கே ஒரு சமூகத்தின் பேரில் கோடிக்கணக்கில் பற்று எழுதுகிறார்கள். வவுச்சர் கேட்டால், அந்தச் சமூகத்தையே நாங்கள் பார்ப்பதில்லை என்று பெருந்தன்மையோடு சொல்கிறார்கள். செலவு எழுதும்போது நாம் இருக்கிறோம். சிகிச்சை எழுதும்போது காணாமல் போகிறோம். மக்கள்தொகை விகிதத்தைப் போட்டுப் பெருக்கி எழுதிவிட்டோம் என்பார்கள். பெருக்கல் யாருக்கு வேண்டும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் பட்டியல் சாதியினர். காப்பீட்டில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவர்களிலும் நூற்றுக்கு இருபது பேர் நம்மவர்களா? அய்ந்து லட்ச உச்சவரம்பு வரை போகிற பெரிய சிகிச்சைகளில் எத்தனை பேர்? இதய அறுவையில் எத்தனை, கருப்பை அகற்றலில் எத்தனை? முதலாவதில் குறைந்தும் இரண்டாவதில் கூடியும் இருக்கும் என்று நான் சந்தேகப்படுகிறேன். சந்தேகம்தான், ஆதாரம் என்னிடம் இல்லை. ஆதாரம் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 789-இல் எழுதுவதை நிறுத்த வேண்டும். உட்கூறுத் திட்டத்துக்கென்று தமிழ்நாடு 2024-ல் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் வந்த பிறகும் பெருக்கல் கணக்குதான் என்றால் எதற்கு அந்தச் சட்டம்?

வேடிக்கை இன்னொன்று. ஜன் ஆரோக்கிய யோஜனாவில் கிராமப்புறக் குடும்பங்களைச் சேர்க்க 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த தகுதிகளில் ஒன்று, பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பமாக இருப்பது. ஆக, வாசலில் சாதியைக் கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனபின் அந்தப் பத்தியைக் கிழித்துப் போடுகிறார்கள்.

எண்ணிக்கையை மறைப்பது நம் நாட்டில் புதிதில்லை. 1932-ல் வாக்குரிமை பற்றி விசாரிக்க லோதியன் குழு வந்தபோது, அதுவரை கோடிக்கணக்கில் எண்ணப்பட்டிருந்த தீண்டத்தகாதவர்கள் சில மாகாணங்களில் ஒரேயடியாகக் காணாமல் போனார்கள். எங்கள் மாகாணத்தில் அப்படி யாரும் இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான் என்று சாட்சி சொன்னார்கள். எண்ணிக்கை இருந்தால் இடம் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்று அண்ணல் அம்பேத்கர் பின்னால் விரிவாக எழுதினார். அன்றைக்குச் சட்டசபை நாற்காலி. இன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். 2027 கணக்கெடுப்பில் சாதியை எண்ணப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள். எண்ணட்டும். எண்ணி முடித்து அந்த எண்ணைக் கட்டிலோடு பொருத்திப் பார்க்க முடியாதென்றால் எண்ணிய கணக்கு அலமாரியில் தூங்கும்.

இப்போது மூன்றாவது வரிக்கு வருவோம்: தனிநபர் தகவல். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு என்று சொல்லப்படுவது. முன்பு அதில் ஒரு நியாயம் இருந்தது. பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத, ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற தகவலை மட்டும் மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாமானியனுக்கும் மறுக்க முடியாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதையெல்லாம் வெட்டிவிட்டது. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம், முடிந்தது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் நமக்கு ஒரு நிம்மதி வரும். நன்றாகப் படியுங்கள். தகவலை வைத்திருப்பவர் ஆய்வுக்குத் தர விரும்பினால் தடையில்லை என்கிறதே தவிர, கேட்பவருக்குக் கொடு என்று அது சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டு வருகிற பெரிய நிறுவனத்துக்குக் கதவு திறக்கலாம். பத்து ரூபாய் ஸ்டாம்போடு வருகிற கலைக்கல்லூரி மாணவிக்கு, தனிநபர் தகவல். சாவி மட்டும் அவர்கள் கையில்.

8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்பது அது. 10-ஆம் பிரிவும் இருக்கிறது. மறைக்க வேண்டியதை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடு என்பது அது. மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எழுதாமல் விடாதீர்கள்.

ரகசியத்தைப் பற்றி வங்கி ஊழியனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்த அன்றே விசுவாசமும் ரகசியமும் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் யார் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆனால் அதே வங்கியில் கடன் கொடுக்கும்போது பட்டியல் சாதியா, பழங்குடியா என்று ஒரு பத்தியை நான்தான் நிரப்புகிறேன். நலிந்த பிரிவினருக்கு இத்தனை சதவீதம் கடன் தந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அந்தப் பிரிவில் வருகிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு மேலே போகிறது. மாநில அளவிலான வங்கியாளர் குழுக் கூட்டத்தில் மாவட்டவாரியாக வைத்துப் பேசுகிறார்கள். இதனால் எந்த வாடிக்கையாளரின் ரகசியமும் கெட்டுப்போகவில்லை. (விதித்த அளவு கடன் நம்மவர்களுக்குக் கிடைக்கிறதா என்பது தனிக் கதை. அதை எழுதினால் எனக்கு மெமோ வரும். பார்ப்போம்.) வங்கியில் முடிகிறது மருத்துவமனையில் ஏன் முடியாது?

நம் தோழர்கள் சிலருக்கு இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. போன வாசகர் கூட்டத்தில் ஒரு தோழர் கோபமாகவே கேட்டார்: “பள்ளிக்கூடத்துல எழுதுறான், வேலைக்குப் போனா எழுதுறான், செத்தா சுடுகாட்டுலயும் எழுதுறான். நோவுல கெடக்கும்போதுமா சாதிய எழுதணும்?” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையில் சாதி தெரிந்தால் தொட்டுப் பார்க்கிற கை தயங்கும் என்பதை நம் சனங்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். காசநோய், எச்.ஐ.வி. விவரமெல்லாம் வெளியே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நாற்பது வீட்டுக் காலனியில் ‘பெண், வயது 34, கருப்பை அகற்றல்’ என்று ஒரு வரி வந்தால் பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே கவனமாகத்தான் கேட்க வேண்டும். சாதியை மருத்துவரின் சீட்டில் எழுதச் சொல்லவில்லை. அட்டை வழங்குகிற இடத்தில் பதிந்து, சிகிச்சை தருகிறவர் கண்ணில் படாமல், பின்னால் கணக்கெடுக்கும்போது மட்டும் சேர்க்கலாம். மாவட்டம், வட்டாரம் அளவில் கூட்டிக் கொடுக்கட்டும். எங்கே எண்ணிக்கை பத்துக்குக் கீழே வருகிறதோ அங்கே ‘பத்துக்குக் குறைவு’ என்று போட்டு நிறுத்தட்டும். தனித்தனி வரிகள் ஆய்வுக்குத் தேவையென்றால் பெயர், அட்டை எண், கிராமம், நாள் எல்லாவற்றையும் நீக்கி, அவர்கள் இடத்திலேயே உட்கார வைத்து, எதையும் வெளியே எடுத்துப் போகாதபடி பார்க்கவிடட்டும். வழி இருக்கிறது. மனசுதான் இல்லை. தோழரின் கோபத்தை மதிக்கிறேன். அவர் முடிவை ஏற்க முடியவில்லை. எழுதாமல் விட்டால் பாகுபாடு நிற்காது. நடந்ததற்குச் சாட்சி இல்லாமல் போகும்.

ஊரையும் சேரியையும் கணக்கில் பிரிக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்பீர்கள். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை கிடைக்கிறது. காப்பீட்டுச் சிகிச்சைகளைக் கிராமவாரியாக வாங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். ஓரளவு முடியும். ஆனால் வருவாய்க் கிராமம் ஒன்றுதான். ஊரும் சேரியும் அதில் ஒரே பெயரில் அடங்கிவிடும். ஊர்த்தெருவில் இருபது பேர் சிகிச்சைக்குப் போய், சேரியில் ஒருவரும் போகாவிட்டாலும் அந்தக் கிராமம் நன்றாகப் பயன்பெற்ற கிராமமாகத்தான் தெரியும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தப் பதிவேடு வந்தவர்களின் கணக்கு. வராதவர்களைப் பற்றி அது வாய் திறக்காது. பஸ்சுக்குக் காசில்லாமல், கூட இருக்க ஆளில்லாமல், ஒருநாள் கூலி போய்விடும் என்று வீட்டிலேயே கிடந்தவர்கள் அதில் இல்லை. அதோடு, இது பெரும்பாலும் படுத்துச் செய்கிற சிகிச்சைக்கான காப்பீடு. தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருமுகிறவர், சாக்கடையில் இறங்கி மூச்சு முட்டி வருகிறவர், ரத்தசோகையில் வெளுத்த பிள்ளை இவர்களெல்லாம் அறுவை மேசைக்கு வந்தால்தான் ஒரு வரி ஆவார்கள். அதனால் அட்டை எத்தனை வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வகுக்கும் எண் இல்லாமல் வகுக்க முடியாது.

ஆய்வாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு கதவைத் திறந்தால் முதலில் நுழையப்போகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். நம்ம தெருவில் வந்து சர்வே எடுத்து, டீ குடித்து, போட்டோ பிடித்து, டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! திரும்பி வந்து ‘உங்களைப் பற்றி இதைக் கண்டுபிடித்தோம்’ என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. ஆய்வுக்காகத் தகவலைத் திற என்று நாம் போராடுவது அவர்களுக்குப் பதவி உயர்வு வாங்கித் தர அல்ல. இந்தப் பதிவேட்டில் கைவைக்கிற எவரும் முடிவைத் தமிழில் எழுதி, எந்த வட்டாரத்தின் கணக்கோ அந்த வட்டாரத்தில் கிராமசபையில் வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். யாருக்குத் தகவல் தரலாம் என்று முடிவெடுக்கிற குழுவில் நம் சமூகத்துப் பெண்கள் உட்கார வேண்டும். கருப்பையை இழந்த பெண்ணைவிட அந்தக் குழுவுக்குத் தகுதியானவர் யார்?

இனி வேலை. கல்லூரித் தோழர்களுக்குத்தான் சொல்கிறேன், நேரமும் கோபமும் உங்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் மனுவில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டோம். தட்டிவிட அவர்களுக்கு வசதியாகப் போனது. கையில் இல்லாத புள்ளிவிவரத்தைத் தொகுத்துத் தரச் சொல்ல முடியாது என்று 2011-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் முதல் மனுவில் எண்ணிக்கை எதையும் கேட்க வேண்டாம். மருத்துவமனை நிரப்புகிற முன் அனுமதிப் படிவத்தின் வெற்று நகலையும், கம்ப்யூட்டரில் எந்தெந்தப் பத்திகள் பதிவாகின்றன என்ற பட்டியலையும் கேளுங்கள். அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை, மறுக்க முடியாது. சாதிப் பத்தி உண்டா இல்லையா என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும். அதை வைத்து இரண்டாவது மனு: இருக்கிற பத்திகளில் பெயரும் அடையாளமும் நீக்கிய கணக்கை, கம்ப்யூட்டரில் இருக்கிறபடியே குறுந்தகட்டிலோ மின்வடிவிலோ கேளுங்கள், அப்படி வாங்கும் உரிமை சட்டத்தின் 2(ஜே) பிரிவிலேயே இருக்கிறது. முதலில் ஒரே ஒரு சிகிச்சை, ஒரே ஒரு வருசம், உங்கள் மாவட்டம் போதும். கருப்பை அகற்றலிலிருந்து தொடங்குங்கள். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 6(2) பிரிவு. கேட்டாலும் சொல்ல வேண்டாம். மூன்றாவது மனு நிதித்துறைக்கு. மாநில பட்ஜெட்டின் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கைப் புத்தகத்தை எடுத்து, 789 எங்கெல்லாம் வருகிறதென்று பென்சிலால் கோடு போடுங்கள். கோடு போட்ட ஒவ்வொரு வரிக்கும், இந்தத் தொகை எந்தக் கணக்கீட்டின்படி எழுதப்பட்டது, அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். சாதியைப் பார்ப்பதில்லை என்று சுகாதாரத் துறை சொன்ன பதிலையும் கூடவே இணைத்து அனுப்புங்கள். இரண்டு துறையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வருசக்கணக்கில் கிடக்கும் என்பது உண்மைதான். தௌசாவும் பத்து வருசம் கிடந்தது.

அந்த அக்கா போன வாரம் மறுபடி வங்கிக்கு வந்தார். அவருடைய சிகிச்சைப் பதிவு அவருடையது. அதை அவரே கேட்டால் தனிநபர் தகவல் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல மனுவை எழுதினேன். என்ன அறுவை, எத்தனை மருத்துவர் சான்று தந்தார்கள், எவ்வளவு தொகை பெறப்பட்டது என்று மூன்று கேள்வி. “இன்னொண்ணும் எழுது தம்பி, எடுத்தத என்னா பண்ணாங்கன்னு கேளு” என்றார். அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்பு அவரே வாங்கி வந்திருந்தார்.

பதில் வந்தால், அவர் சம்மதித்தால், பெயரும் ஊரும் இல்லாமல் அடுத்த இதழில் வரும். மூன்று மனுக்களின் மாதிரியும் இதழ் முகவரிக்கு எழுதினால் அஞ்சலில் அனுப்பி வைக்கிறோம். நீங்கள் போட்ட மனுவின் நகலையும் வந்த பதிலையும் எங்களுக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தபால் ஒப்புகை அட்டையின் நகலையாவது அனுப்புங்கள்.